அபூர்வ ஆல்கலாய்டைத் தேடிப் போகிறவர்களுக்கு: செடியிலிருந்து கட்டமைப்பு வரை

செடியின் பட்டையை அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றைப் பிரித்து, கடைசியில் குப்பியின் அடியில் சில மில்லிகிராம் வெள்ளைத்தூள் மிஞ்சும்போது, 'இதுவரை யாரும் பார்க்காத ஆல்கலாய்டு' என்று சொல்லிவிட மனம் துடிக்கும். (ஆல்கலாய்டு என்பது பெரும்பாலும் செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்.) அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இதைச் செடி செய்ததா, நாம் செய்ததா? கரைப்பானும் அமிலமும் சூடும் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து புதுப்புது மூலக்கூறுகளை உண்டாக்கிவிடும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாமே அந்தக் கேள்வியை மனத்தில் வைத்து எழுதியவைதான்.

இது இயற்கைப்பொருள் வேதியியல் ஆய்வகத்தில் முதன்முதலாகக் கால்வைக்கும் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கானது. வழிகாட்டும் பேராசிரியரும் நச்சு ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டும் கழிவுக் கரைப்பான்களை முறையாக அகற்றும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஆல்கலாய்டுகளில் பல, மில்லிகிராம் அளவிலேயே உடலைத் தாக்கும். நீங்கள் கையில் வைத்திருப்பது இன்னும் யாரும் நச்சுத்தன்மை பார்க்காத பொருள் என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள். காய்ந்த தூளை எடை போடும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

முதலில் செடியின் பெயர்

ஆய்வு சந்தி சிரிக்கும் இடம் பெரும்பாலும் கருவியில் இல்லை, செடியின் பெயரில்தான் இருக்கிறது. மரமஞ்சள் என்ற பெயரில் வருவது காசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம் என்ற கொடியாகவும் இருக்கலாம், பெர்பெரிஸ் இனத்தைச் சேர்ந்த முட்புதராகவும் இருக்கலாம். இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் இரண்டிலுமே மஞ்சள் நிற பெர்பெரின் நிறைய இருக்கிறது. ஆகவே சாற்றில் பெர்பெரின் தெரிந்துவிட்டது என்பதால் செடி சரியானதுதான் என்று முடிவுகட்ட முடியாது.

செய்ய வேண்டியது இது. பூவோ காயோ இருக்கும் கிளையாகப் பார்த்து வெட்டி, தாளுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அங்கீகாரம் பெற்ற ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) ஒன்றில் ஒப்படைத்து, அங்கே கொடுக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சேகரித்த நாள், இடம், உயரம், எந்த உறுப்பு, எந்த அளவு முதிர்ந்தது எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். வேர்ப்பட்டையில் இருக்கும் ஆல்கலாய்டு இலையில் இல்லாமல் போவது சாதாரணம். பெயரைக் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தாவரப் பட்டியலில் சரிபார்த்து, இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது, பழைய பெயர்கள் எவை என்று எழுதி வையுங்கள். பழைய பெயர்களையும் போட்டுத் தேடினால்தான் பழைய ஆய்வுகள் கண்ணில் படும்.

குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்ததுபோல. நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, ஏழிலைப்பாலை, சர்ப்பகந்தி எல்லாம் அபோசினேசியே குடும்பம். அங்கே இண்டோல் ஆல்கலாய்டுகளை எதிர்பார்க்கலாம். சின்கோனா இருக்கும் ரூபியேசியே, எட்டி இருக்கும் லோகானியேசியே ஆகியவையும் அதே உயிர்வேதிப் பாதையைப் பகிர்கின்றன. டிரிப்டமினும் செக்கோலோகானினும் சேர்ந்து ஸ்ட்ரிக்டோசிடின் உண்டாகிறது, அதிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டமைப்புகள் கிளைக்கின்றன. மெனிஸ்பெர்மேசியே, அனோனேசியே என்றால் ஐசோகுயினோலின் வகை. ரூட்டேசியே என்றால் குயினோலினும் அக்ரிடோனும். ஸ்டெமோனா வகை ஆல்கலாய்டுகள் ஸ்டெமோனேசியே குடும்பத்துக்கே உரியவை. இந்தப் பின்னணி இருந்தால், நிறமாலையில் எதிர்பாராத ஒன்று தெரியும்போது அது எவ்வளவு எதிர்பாராதது என்று உடனே உணர முடியும்.

அனுமதியைச் சேகரிப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபு வளத்தை எடுப்பவர் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும், பயனைப் பகிர வேண்டும் என்கிறது. சர்ப்பகந்தி போன்ற செடிகள், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. செடியில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் இருக்க வாய்ப்புண்டு என்றால், உங்கள் நிறுவனத்தின் உரிமம் அதை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே கை வையுங்கள்.

பிரிப்பதற்கு முன் பாருங்கள்

புதியவர்கள் எல்லோரும் அவசரப்படும் இடம் இது. ஐந்து கிலோ பட்டையை ஊறவைத்துவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, 1 கிராம் தூளில் தொடங்குவது மேல். நிழலிலோ 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத அடுப்பிலோ உலர்த்திய தூளை, அமிலமோ காரமோ சேர்க்காமல், அறை வெப்பத்தில் எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாற்றை அப்படியே, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளின் நிறையையும் அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் செலுத்துங்கள். இந்த முதல் ஓட்டத்தின் கோப்பைப் பொன்போல் பாதுகாக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 'இது செடியில் இருந்ததா?' என்று சந்தேகம் வரும்போது சாட்சி சொல்லப்போவது இந்தக் கோப்புதான். கூடவே, செடி இல்லாமல் கரைப்பானை மட்டும் அதே வழியில் கொண்டுபோய் ஒரு வெற்று ஓட்டமும் எடுத்து வையுங்கள்.

நிறைகளைப் பார்க்கும்போது நைட்ரஜன் விதியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு நிறை ஒற்றைப்படை என்றால் நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. கருவியில் தெரிவது ஒரு புரோட்டான் ஏறிய அயனி என்பதால் கணக்கு தலைகீழாகும். 355 என்று ஒற்றைப்படையில் தெரிந்தால் நைட்ரஜன் எண்ணிக்கை இரட்டைப்படை. இரட்டைப்படையில் பூஜ்யமும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. 391.284 என்று ஒரு வலுவான அயனியும் 149.023 என்று ஒரு துண்டும் தெரிந்தால், இரண்டு நைட்ரஜன் உள்ள ஆல்கலாய்டு என்று மகிழ வேண்டாம். அது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட். வெற்று ஓட்டத்திலும் அதே இடத்தில் அது நிற்கும். 44.026 இடைவெளியில் வரிசையாகப் படிக்கட்டுபோல் அயனிகள் தெரிந்தால் அது பாலிஎத்திலீன் கிளைக்கால், சோப்பிலிருந்தோ வடிகட்டியிலிருந்தோ வந்தது.

இன்னொன்று. ஐசோடோப்பு உச்சிகளுக்கு இடையே 1 அல்ல, 0.5 இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அயனியில் இரண்டு மின்னூட்டம். நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டின் 811.428 என்ற நிறையில் மட்டுமல்ல, 406.218லும் தெரியும். இரட்டை இண்டோல் மூலக்கூறுகள் இப்படித்தான் பாதி நிறையில் ஒளிந்துகொண்டு, சாதாரண ஒற்றை இண்டோல் போல ஏமாற்றும்.

பிறகு, தெரிந்தவற்றைக் கழிக்கும் வேலை. ஒவ்வொரு நிறைக்கும் வாய்ப்பாடு கணக்கிட்டு, அந்தப் பேரினத்தில் இதுவரை பதிவான பொருள்களோடு ஒப்பிடுங்கள். நிறை நிறமாலைகளை ஒப்பிட உதவும் ஜி.என்.பி.எஸ். இணையத் தளத்தில் துண்டு நிறமாலைகளை (மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளின் நிறைகளை) ஏற்றினால், ஒரே மாதிரி உடைகிற மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாக இணைந்து வரும். இண்டோல் ஆல்கலாய்டுகளுக்கென்று அங்கே எம்.ஐ.ஏ.டி.பி. என்ற தனித் தொகுப்பும் இருக்கிறது. தெரிந்த பொருள்களின் கொத்தில் ஒட்டிக்கொண்டு, ஆனால் எந்தப் பதிவோடும் பொருந்தாமல் நிற்கும் புள்ளிகளே உங்கள் இலக்கு. எந்தக் கொத்திலும் சேராமல் தனியே நிற்பவை மேலும் கவர்ச்சியானவை, ஆனால் அவற்றில் அழுக்கும் அதிகம்.

இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஆகட்டும். ஆய்வுக்காலம் முழுவதும் பாடுபட்டுக் கடைசியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த பொருளைப் பிரித்து வைத்திருப்பதைவிட அது மலிவு.

அமிலமும் காரமும்

ஆல்கலாய்டுகளில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை. அமிலம் பட்டால் உப்பாகி நீரில் கரையும், காரம் பட்டால் உப்பு உடைந்து கரிமக் கரைப்பானுக்குத் தாவும். பழமையான இந்த முறைதான் இன்றும் முதல் வடிகட்டல். எத்தனால் சாற்றை ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்குள் வற்றவைத்து, நீர்த்த அமிலத்தில் கலக்கி, கரையாத பசையை வடிகட்டி, எத்தில் அசிட்டேட்டால் கழுவிப் பச்சையமும் கொழுப்பும் போக்கிய பிறகு, நீர்ப்பகுதியைப் பி.ஹெச். 9 அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி கரிமக் கரைப்பானால் எடுப்பது வழக்கம்.

எந்தக் காரம், எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். காட்டமான சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றினால் எஸ்டர் பிணைப்புகள் உடையும். ஃபீனால் குழு உள்ள ஆல்கலாய்டுகள் மறுபடியும் உப்பாகி நீருக்கே திரும்பிவிடும். சோடியம் கார்பனேட் மென்மையானது, பாதுகாப்பானது. காரம் சேர்த்த கலவை இருக்கும் இடத்தில் குளோரோஃபார்மையும் அசிட்டோனையும் ஒன்றாகச் சேர விடாதீர்கள். கழிவுக் கலனில்கூட அவை காரத்தின் முன் சேர்ந்தால் கொதித்து வெடிக்கும்.

பிரிபுனலில் பால்போல் நுரைத்து இரண்டு அடுக்கும் பிரியாமல் நின்றால் ஓங்கிக் குலுக்கிப் பயனில்லை. சோப்புத்தன்மை கொண்ட சாப்போனின்கள்தான் பெரும்பாலும் காரணம். உப்பு நீர் சேர்த்து மெல்லச் சுழற்றிவிட்டு இரவு முழுக்க அப்படியே வைக்கலாம், அல்லது செலைட் என்ற வடிகட்டித்தூள் படுகை வழியே வடிகட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பகுதியையும் கொட்டாதீர்கள். அபூர்வமானவை பாதையைவிட்டு விலகி நிற்கும். மிளகின் பைப்பரின் ஓர் அமைடு. அதற்குக் காரத்தன்மை இல்லை என்பதால் அமிலத்துக்குள் வராது, நீங்கள் 'கழுவி எறிந்த' எத்தில் அசிட்டேட்டில் இருக்கும். கேம்ப்டோதெசினும் அப்படித்தான். நைட்ரஜன் இருந்தும் அமிலங்களோடு நிலையான உப்பு தராது. 1966இல் வால், வானி என்ற வேதியியலாளர்கள் அதைச் சீன மரமொன்றில் கண்டெடுத்தது, புற்றுநோய்க்கு எதிரான செயல்பாட்டைச் சோதித்தபடியே ஒவ்வொரு பகுதியையும் பின்தொடர்ந்ததால்தான். ஆல்கலாய்டு என்றால் இந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று நம்பியிருந்தால் அது கையில் சிக்கியிருக்காது. மறுபக்கம், பெர்பெரின் போல நைட்ரஜனில் நிலையாக நேர்மின்னூட்டம் உள்ளவை எவ்வளவு காரம் சேர்த்தாலும் நீரிலேயே தங்கிவிடும். அவற்றை பியூட்டனாலாலோ அயனிப் பரிமாற்றப் பிசினாலோதான் எடுக்க வேண்டும். ஆக, கழுவிய பகுதி, காரத்துக்குப் பின் எடுத்த பகுதி, மிஞ்சிய நீர் மூன்றையும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் பார்த்துவிட்டு, நீங்கள் குறிவைத்த நிறை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு நகருங்கள்.

ஆரஞ்சுப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்

டிராகண்டார்ஃப் கரைசல் 19ஆம் நூற்றாண்டின் சொத்து. பிஸ்மத்தும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த இதை, பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் தெளித்தால் ஆல்கலாய்டு இருக்கும் இடம் ஆரஞ்சாகும். மலிவு, வேகம், பத்து நிமிடத்தில் முப்பது பகுதிகளைப் பார்த்துவிடலாம். நான் இன்றும் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஆனால் அது பொய்யும் சொல்லும். சில கூமரின்களும் லாக்டோன்களும், முன்னே சொன்ன பாலிஎத்திலீன் கிளைக்காலும்கூட ஆரஞ்சு தரும். எதிர்ப்பக்கம், ஆல்கலாய்டுகளை வீழ்படிவாக்கிக் காட்டும் இன்னொரு சோதனைக் கரைசலான மேயர் கரைசலில் காஃபின் போன்றவை வீழ்படிவு தருவதில்லை. எனவே ஆரஞ்சு வந்தால் 'இருக்கலாம்', வராவிட்டால் 'இல்லாமலும் இருக்கலாம்' என்று மட்டுமே எழுதுங்கள். மேயர் கரைசலில் பாதரசம் இருப்பதால் அதன் கழிவைத் தனியே சேர்க்க வேண்டும்.

தட்டில் ஓடும் கரைப்பானில் டைஎத்திலமின் சேர்த்திருந்தால், தெளிப்பதற்கு முன் தட்டைச் சூடாக்கி அதை முழுக்க ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் தட்டு முழுவதுமே நிறம் மாறி எதுவும் தெரியாது. புற ஊதா ஒளியில் 254, 366 நானோமீட்டர் இரண்டிலும் தட்டைப் பார்த்துப் பென்சிலால் குறித்த பிறகே தெளிப்பது நல்ல பழக்கம். இண்டோல் வகைகளுக்குச் சீரிக் அம்மோனியம் சல்ஃபேட் தெளிப்பு கட்டமைப்புக்கேற்ப வெவ்வேறு நிறங்களைத் தரும். அந்த நிறங்களைப் படமெடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும்.

தூய்மைப்படுத்தல்

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை, கைப்பழக்கம்தான் கற்றுக்கொடுக்கும். சிலிக்காவின் மேற்பரப்பு அமிலத்தன்மை கொண்டது. ஆல்கலாய்டு அதில் ஒட்டிக்கொண்டு வால்போல் நீளும். கரைப்பானில் துளி அம்மோனியாவோ டிரைஎத்திலமினோ சேர்த்தால் புள்ளி உருண்டு வரும். நெடுநேரம் சிலிக்காவில் ஊறப்போட்டால் சில மூலக்கூறுகள் மாறியே போகும், ஆகவே காலையில் ஏற்றிய குழாயை மாலைக்குள் முடித்துவிடுங்கள். செஃபடெக்ஸ் எல்.ஹெச்.-20 என்ற நிரப்புபொருள் மென்மையானது, நிறமிகளையும் டானின்களையும் பிரிக்க நல்லது. கடைசிக் கட்டத்துக்கு, உயர் அழுத்தத்தில் நுட்பமாகப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி.

அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வின்பிளாஸ்டின் 1 கிராம் கிடைக்க நித்தியகல்யாணியின் காய்ந்த இலை ஏறத்தாழ 500 கிலோ வேண்டும் என்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அபூர்வமான பொருள் உங்களுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் கிடைத்தால் அதுவே நிறைவு. அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் இன்றைய என்.எம்.ஆர். கருவிகளுக்கு அது போதும். அந்த 2 மில்லிகிராமை எந்த வரிசையில் செலவழிப்பது என்று முன்பே திட்டமிடுங்கள். பொருளை அழிக்காத சோதனைகள் முதலில், அழிப்பவை கடைசியில்.

நாம் உண்டாக்கும் போலிகள்

தொடக்கத்தில் கேட்ட கேள்வி முழுவீச்சோடு வருவது இங்கேதான். சில போலிகள் இத்துறையில் பெயர் பெற்றவை.

வெள்ளறுகில் ஸ்வெர்ஷியாமரின் என்ற பொருள் இருக்கிறது. அதில் நைட்ரஜனே இல்லை. ஆனால் காரமாக்க அம்மோனியாவைப் பயன்படுத்தினால், அது அம்மோனியாவின் நைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஜென்டியானின் என்ற ஆல்கலாய்டாக மாறிவிடும். ஜென்ஷியானேசியே குடும்பச் செடிகளிலிருந்து கிடைத்ததாகச் சொல்லப்படும் ஜென்டியானினில் பெரும்பங்கு இப்படி ஆய்வகத்திலேயே பிறந்திருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்ப்பது எளிது. அம்மோனியாவுக்குப் பதில் சோடியம் கார்பனேட் போட்டு மறுபடி செய்யுங்கள். பொருள் மறைந்துவிட்டால் அது உங்கள் கைவேலை.

பெர்பெரின், காரம் இருக்கும்போது அசிட்டோனோடும் குளோரோஃபார்மோடும் சேர்ந்து கூட்டுப்பொருள் தரும். குளோரோஃபார்ம் சேர்ந்ததில் மூன்று குளோரின் அணுக்கள் உட்காரும். டைகுளோரோமீத்தேனும் சும்மா இருப்பதில்லை. எட்டியின் ஸ்ட்ரிக்னின் போன்ற மூன்றாம்நிலை அமீன்களோடு மெல்ல வினைபுரிந்து, நைட்ரஜனில் ஒரு குளோரோமெத்தில் குழுவை ஏற்றிவிடும். நிறை நிறமாலையில் எதிர்பார்த்த மூலக்கூறின்மேல் 48.98 கூடியிருக்கும், பக்கத்திலேயே இரண்டு அலகு தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னோர் உச்சி நிற்கும். அது குளோரினின் கையெழுத்து. செடிகளில் குளோரின் உள்ள ஆல்கலாய்டு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மெனிஸ்பெர்மேசியே குடும்பத்தில் அக்யுட்டுமின் உண்மையாகவே உண்டு. ஆனால் குளோரின் தெரிந்தவுடன் முதல் சந்தேகம் கரைப்பான் மேல்தான் விழ வேண்டும்.

மெத்தனாலும் நம்பத்தக்கதல்ல. நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் குழு இருந்தால், மெத்தனால் நைசாக நுழைந்து மீத்தாக்சி குழுவாக மாற்றிவிடும். எத்தனாலில் செய்திருந்தால் ஈத்தாக்சி. செடிகளில் ஈத்தாக்சி குழு அரிது என்பதால் அதைக் கண்டவுடன் எல்லோரும் உஷாராகிவிடுகிறார்கள். மீத்தாக்சியோ இயற்கையில் எங்கும் இருப்பது, அதனால்தான் அது கண்ணில் மண்ணைத் தூவுகிறது. பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எந்தக் கரைப்பான் என்று எழுதியிருந்தால் மட்டுமே இதைப் பின்னால் அவிழ்க்க முடியும்.

நைட்ரஜனில் ஆக்ஸிஜன் ஒன்று கூடிய என்-ஆக்சைடுகள் இரண்டு பக்கமும் நிற்பவை. செடியிலும் உண்டு, காற்றுப்பட்டு வற்றவைக்கும்போதும் உண்டாகும். இங்கேதான் முதல் நாள் எடுத்து வைத்த எல்.சி.-எம்.எஸ். கோப்பு கைகொடுக்கிறது. பிரித்தெடுத்த பொருள் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, எப்படி உடைகிறது என்று பார்த்து, அதே உச்சி முதல் நாள் சாற்றிலும் இருந்ததா என்று தேடுங்கள். இருந்தால் செடியிலிருந்து வந்தது என்று ஓரளவு துணிவோடு சொல்லலாம். இல்லையென்றால், அளவு குறைவாக இருந்ததால் தெரியவில்லையா, பின்னால் உண்டானதா என்பதைப் புதிய தூளில் வேறு கரைப்பானால் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கட்டமைப்பைக் கண்டுபிடித்தல்: ஓர் எடுத்துக்காட்டு

355.2016 என்ற அயனி. ஐந்து பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) துல்லியம் என்றால் 0.0018 வரை பிழை பொறுக்கலாம். 21 கார்பன், 26 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 3 ஆக்ஸிஜன் என்ற வாய்ப்பாட்டோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் சரியாகப் பொருந்துகிறது. நிறைவுறாமை எண்ணைக் கணக்கிடுங்கள்: கார்பன் எண்ணிக்கையிலிருந்து ஹைட்ரஜனில் பாதியைக் கழித்து, நைட்ரஜனில் பாதியைக் கூட்டி, ஒன்று சேர்க்க வேண்டும். 21 − 13 + 1 + 1, அதாவது 10. வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து பத்து.

புற ஊதா நிறமாலையில் 226, 280, 290 நானோமீட்டர் அருகே உறிஞ்சல். இது இண்டோலின் அடையாளம். இண்டோல் வளையம் பத்தில் ஆறை எடுத்துக்கொள்கிறது. என்.எம்.ஆரில் 3.8 பி.பி.எம். (இங்கே இது உச்சியின் இடத்தைச் சொல்லும் அலகு) அருகே மூன்று ஹைட்ரஜனுக்கான ஒற்றை உச்சி, கார்பன் நிறமாலையில் 175 அருகே கார்போனைல். இரண்டையும், சில பிணைப்புகள் தள்ளியிருக்கும் ஹைட்ரஜனையும் கார்பனையும் தொடர்புபடுத்தும் ஹெச்.எம்.பி.சி. என்ற என்.எம்.ஆர். நிறமாலை இணைத்துக் காட்டுகிறது. ஆக மெத்தில் எஸ்டர். ஏழு கணக்காயிற்று. மிச்சம் மூன்று. வேறு இரட்டைப் பிணைப்புக்கான கார்பன்கள் எதுவும் தெரியவில்லை என்பதால் மூன்றும் வளையங்கள். இண்டோலின் இரண்டோடு சேர்த்து ஐந்து வளையக் கூடு.

துண்டு நிறமாலையில் 144.081. பத்து கார்பன் உள்ள இண்டோல் துண்டு இது. இண்டோலின் பென்சீன் வளையத்தில் மீத்தாக்சி இருந்திருந்தால் இது 174.091க்கு நகர்ந்திருக்கும். நகரவில்லை. நறுமண வளையத்தில் நான்கு ஹைட்ரஜன்களும் அப்படியே தெரிவது இதற்கு ஒத்துப்போகிறது.

இப்போது, இதே வாய்ப்பாடும் கூடும் உள்ள, ஏற்கெனவே தெரிந்த யோஹிம்பின் என்ற ஆல்கலாய்டு என்று எழுதிவிடலாமா? முடியாது. ராவோல்சினும் கோரினான்தினும் இதே வாய்ப்பாடு, இதே கூடு, இதே 144. மூன்றும் முப்பரிமாண அமைப்பில் மட்டுமே வேறுபடுபவை. யோஹிம்பினும் கோரினான்தினும் எஸ்டர் தொங்கும் 16ஆம் கார்பனில் வேறுபடுகின்றன. ராவோல்சின் வளையங்கள் சேரும் 20ஆம் கார்பனில். நிறை நிறமாலை இந்த இடத்தில் ஊமை.

ஆகவே அடுத்த கட்டச் சான்றுகளைத் தேட வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 2700 முதல் 2800 செ.மீ.⁻¹ வரையான பகுதியில் போல்மன் பட்டைகள் எனப்படும் உறிஞ்சல்கள் தெரிந்தால், நைட்ரஜனைச் சுற்றிய இரு வளையங்களும் எதிரெதிர்ப் பக்கமாகச் சேர்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். 6ஆம் கார்பன் 21 அல்லது 22 பி.பி.எம். அருகே வந்தால் அதே முடிவை உறுதிப்படுத்தும். ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தால் அது 17 அளவுக்கு இறங்கும். நோஸி என்ற என்.எம்.ஆர். நிறமாலை எந்த ஹைட்ரஜன் எதற்கு அருகில் இருக்கிறது என்று காட்டும். பிணைப்பிடைப் பிளவு எண்களைக் கொண்டு அருகருகே உள்ள ஹைட்ரஜன்கள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்று தீர்மானிக்கலாம். இவையெல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் முரண்பட்டாலும் அதை ஒதுக்கித் தள்ளாமல் முதலிலிருந்து பாருங்கள்.

பழைய தரவுகளோடு ஒப்பிடும்போது ஒரு குழி இருக்கிறது. ஹெச்.பி.எல்.சி.யில் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் பயன்படுத்தியிருந்தால் உங்கள் கையில் இருப்பது உப்பு, பழைய தரவு கார வடிவத்துக்கு உரியது. நைட்ரஜனுக்கு அருகிலுள்ள ஹைட்ரஜன்கள் ஒரு பி.பி.எம். வரைகூட நகர்ந்து நிற்கும். அதைப் பார்த்து 'புதிய மாற்றியம்' என்று எண்ணிவிடுவது மிக எளிது. பழைய குளோரோஃபார்ம்-டி பாட்டிலில் ஊறியிருக்கும் அமிலமே இந்தக் குழப்பத்தை உண்டாக்கப் போதும். கார அலுமினா வழியே ஒருமுறை ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரே கரைப்பான், ஒரே வடிவம் என்று உறுதிசெய்யாமல் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

கூடு முழுக்கப் புதியது என்று தோன்றினால், படிகம் வளர்த்து எக்ஸ்-கதிர் எடுக்க முயலுங்கள். அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. படிகம் வராவிட்டால், சாத்தியமான கட்டமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் என்.எம்.ஆர். எண்களைக் கணினியில் கணக்கிட்டு, 2010இல் வந்த டி.பி.4 என்ற நிகழ்தகவு முறையாலோ அதன் பின்வந்த வடிவங்களாலோ எது அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கலாம். வலக்கையா இடக்கையா என்ற முழுமையான அமைப்புக்கு வட்ட இருநிறத்தன்மை நிறமாலையை அளந்து, கணக்கிட்ட வளைவோடு ஒப்பிடுவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. கணினி, நீங்கள் கொடுத்த கட்டமைப்புகளுக்குள்தான் தேர்ந்தெடுக்கும். சரியானதை நீங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை என்றால், தவறானவற்றுள் சிறந்ததை உறுதியோடு எடுத்துக் கொடுக்கும்.

உயிர்வேதிப் பாதையையும் கேளுங்கள். ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து உங்கள் கட்டமைப்புக்கு அறிவுக்கு ஒத்த வழி வரைய முடிகிறதா? முடியவில்லை என்றால் கட்டமைப்பு தவறு என்று பொருளாகாது, ஆனால் இன்னொருமுறை ஹெச்.எம்.பி.சி. தொடர்புகளை எண்ணிப் பார்க்க அது போதுமான காரணம். இரண்டு, மூன்று பிணைப்புத் தொலைவுகளை மட்டுமே அது காட்டும் என்று நம்பி, நான்கு பிணைப்புத் தொடர்பு ஒன்றை மூன்றாக எண்ணியதால் வளையமே மாறிப்போன கட்டமைப்புகள் உண்டு. 1818இல் பெல்த்தியே, கவந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த ஸ்ட்ரிக்னினின் கட்டமைப்பு தெளிவாக 1946 வரை ஆயிற்று. இன்று அதே வேலை ஒரு நாளில் முடியக்கூடியது. அந்த வேகம் கவனத்தைக் குறைத்துவிடக் கூடாது.

எழுதி அனுப்புவதற்கு முன்

ஹெர்பேரியம் எண், எந்த உறுப்பு, தூளின் எடை, கிடைத்த பொருளின் எடை, ஒவ்வொரு கட்டத்தின் கரைப்பான், பி.ஹெச்., வெப்பம் ஆகிய அனைத்தும் ஆய்வுக்கட்டுரையில் இருக்க வேண்டும். பொருள் உப்பா, கார வடிவமா என்பதை என்.எம்.ஆர். அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். நிறமாலைகளைப் படங்களாக மட்டும் தராமல், கருவி பதிவுசெய்த மூலக் கோப்புகளையும் பொதுத் தரவகத்தில் இடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் முடிவைத் திருத்த வேண்டியிருந்தால் அந்தக் கோப்பு இல்லாமல் முடியாது.

போலியாக இருக்கலாம் என்ற சந்தேகம் முழுக்கத் தீரவில்லை என்றால், அதையும் கட்டுரையில் அப்படியே எழுதுங்கள். எந்தச் சோதனை செய்தீர்கள், எது இன்னும் மிச்சமிருக்கிறது என்பது மதிப்பீட்டாளருக்கும் தெரிய வேண்டும். மிஞ்சிய பொருளை, எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆர்கான் நிரப்பிய பழுப்புக் குப்பியில் மூடி, கட்டமைப்பு எண்ணும் தேதியும் எழுதி, உறைவிப்பானில் வையுங்கள். கரைப்பானில் கரைத்தபடியே வைக்க வேண்டாம், முழுக்க வற்றவைத்த பிறகே மூடுங்கள்.